கார்பன் தாளில் என் இடது கால்

எல்லையில் சண்டை நடந்து முடிந்த மறுவருஷம் பம்பாயில் எல்லோரும் தேசத்துக்கு ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வளையல் இருந்தவர்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். ரத்தம் இருந்தவர்கள் ரத்தம் கொடுத்தார்கள். என்னிடம் தங்கம் கிடையாது. ரத்தம் எடுக்கிற இடத்தில் என்னைத் தராசில் நிறுத்திப் பார்த்த நர்ஸ் இரண்டு பிஸ்கட்டைக் கையில் திணித்து, முதலில் நான் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை. அதைக் கொடுத்தேன்.

வேலை பார்க்கிற ஆட்களை வாரத்தில் ஒரு நாள் பழக்கிப் படையாள் ஆக்குகிற ஏற்பாடு ஒன்று அப்போது செம்பூரில் இருந்தது. அதற்கு நீளமான சர்க்கார் பெயர் உண்டு. நாங்கள் அதை ஞாயிற்றுக்கிழமைப் பட்டாளம் என்போம். நான் செம்பூரில் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் டைப்பிஸ்ட். வயது இருபத்தெட்டு. ரத்தத்துக்கே ஆகாதவன் பட்டாளத்துக்கு எப்படி எடை தேறினான் என்று கேட்கலாம். அன்று காலை ஆறு வாழைப்பழமும் ஒரு பெரிய செம்பு மோரும் சாப்பிட்டுவிட்டுப் போனேன். தராசு முள் கோட்டைத் தொட்டது. அதற்கு மேல் அந்த மோர் தாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

காக்கிச் சட்டை, தொப்பி, பெல்ட், தோளில் மாட்டும் பை எல்லாம் கொடுத்தார்கள். கூடவே ஒரு ஜோடி பூட்ஸ். என்ன நம்பர் என்று கேட்டான் ஸ்டோர்காரன். ஆறு என்றேன். என் செருப்பு ஆறு. செருப்பில் விரல்கள் வெளியே காற்று வாங்கிக்கொண்டிருக்கும், பூட்ஸில் அதற்கெல்லாம் இடமில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கறுப்புத் தோல், பலகை மாதிரி வளையாத அடி. குதிகாலில் இரும்பு லாடம். முன்பக்கம் அடியில் பதின்மூன்று ஆணிகள், கொண்டை வெளியே தெரிய. கையில் தூக்கிப் பார்த்தால், இதைப் போட்டுக்கொண்டு நடப்பதைவிட எதிரி மேல் எறிவது லாபம் என்று தோன்றும்.

எங்கள் வீடு மாட்டுங்காவில் மூன்றாவது மாடி. இரண்டு அறை, வெளியே பொது நடை. பூட்ஸைக் கொண்டுவந்த அன்றே என் மனைவி வாசலில் வழிமறித்துவிட்டாள்.

"அந்த மாட்டுத்தோல் வாசப்படி தாண்டப்படாது. சொல்லிட்டேன்."

"இது சர்க்கார் சொத்துடி."

"சர்க்காரே வந்தாலும் செருப்பை வெளியில விட்டுட்டுத்தான் உள்ள வரணும்."

அதனால் பூட்ஸ் ஒரு கோணிப்பைக்குள் போய், நடையில் ஓர் ஆணியில் தொங்கியது. முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாடியிலேயே மாட்டிக்கொண்டு இறங்கினேன். கல் படிக்கட்டு. இரண்டாம் மாடியில் மூன்று கதவுகள் ஒரே சமயத்தில் திறந்தன. "யாருய்யா விடியக்காலம்பற பீரோவை உருட்டறது?" என்று ஒருவர் கத்தினார். அப்புறம் வெறுங்காலோடு கோணியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து போட்டுக்கொள்வேன். திரும்பி வந்ததும் அதே படியில் கழற்றிவிடுவேன். மற்றவர்கள் அப்படியில்லை. என் வரிசையில் பக்கத்தில் நிற்பவர் ஆண்டாப் ஹில்லில் குடியிருந்த ஒரு பஸ் கண்டக்டர், மதுரைப் பக்கத்துக்காரர். அவர் தினமும் அந்த பூட்ஸோடுதான் டிக்கெட் கிழித்தார். அவர் காலும் பூட்ஸும் கல்யாணம் ஆகிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. என் காலும் பூட்ஸும் வாரத்துக்கு ஒரு தடவை பெண் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆறு மாதம் கழித்து நீண்ட நடை வந்தது. தாணே போகிற சாலையில் ஆறு மைல் போய், ஆறு மைல் திரும்ப வேண்டும். முதுகில் முப்பது பவுண்டு. நான்கு மைல் வரை நான் பாட்டுக்குத் தமாஷ் பண்ணிக்கொண்டு வந்தேன். ஐந்தாவது மைலில் தமாஷ் நின்றது. ஆறாவதில் இடது காலில், இரண்டாவது விரல் முளைக்கிற இடத்துக்கு நேர் கீழே, யாரோ சூடான எட்டணாவை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. ஏழாவது மைலில் சாலையோரம் உட்கார்ந்தேன். பின்னால் சமையல் சாமான் ஏற்றிய லாரி வந்தது. வெங்காய மூட்டைக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவில் என்னை ஏற்றினார்கள். மைதானத்தில் இறங்கியபோது எங்கள் ஹவில்தார், சதாராப் பக்கத்து மராட்டியர், இடுப்பில் கைவைத்து நின்றார்.

"காந்தா ஆயா, படாட்டா ஆயா, அவுர் யே கவுன்?" என்றார். வெங்காயம் வந்தது, கிழங்கு வந்தது, இது யார்?

அன்றிலிருந்து என் பெயர் காந்தா. வெங்காயம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆறு வாரம் கழித்து இன்னொரு நடை இருக்கிறது, அதிலும் விழுந்தால் பட்டியலிலிருந்து பெயரை அடித்து பூட்ஸைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று அவர் சொன்னதுதான் உள்ளே போய் உட்கார்ந்தது.

பூட்ஸ் போனால் சனியன் ஒழிந்தது என்றுதானே இருந்திருக்க வேண்டும்? எனக்கு அப்படி இல்லை. நான் எதையும் பாதியில் விடுவதில் பேர் வாங்கியவன். பி.ஏ. இரண்டாம் வருஷத்தோடு. மிருதங்கம் எட்டு மாதம். மராத்தி வகுப்பு பன்னிரண்டு பாடம். நான் ஆரம்பித்த டயரிகள் எல்லாவற்றிலும் ஜனவரி மட்டும் இருக்கும். ஈரத்துணியால் என் காலைத் துடைத்துக்கொண்டே மனைவி இந்த ஜாபிதா முழுவதையும் வாசித்தாள்.

"இதையும் விட்டுடுங்கோ. புதுசா ஒண்ணும் சொல்லிடப்போறதில்லை யாரும்."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். யாரும் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை என்பது எனக்குச் சுருக்கென்றது. "விடமாட்டேன்" என்றேன். "சரி, பார்ப்போம்" என்று துணியைப் பிழிந்தாள்.

முதலில் என் மூளைக்கு எட்டியதைச் செய்தேன். வலிக்கிற இடத்துக்கு மெத்தை. ஆபீஸில் டைப்ரைட்டருக்கு அடியில் சத்தம் அடங்குவதற்காகத் தடித்த கம்பளி விரிப்பு ஒன்று போட்டிருப்பார்கள். பழையதாகி எறிந்த ஒன்றிலிருந்து ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டமாக வெட்டி, வலி எங்கே இருந்ததோ சரியாக அங்கே பூட்ஸுக்குள் ஒட்டினேன். அடுத்த ஞாயிறு ஒரு மணி நேரப் பயிற்சியிலேயே நொண்டினேன். மெத்தை போதவில்லை என்று இன்னொரு வட்டம் அதன் மேல் ஒட்டினேன். இன்னும் மோசம்.

அந்த வாரம் ஒரு டெண்டருக்கு ஆறு காப்பி அடிக்க வேண்டியிருந்தது. ஆறாவது காப்பியிலும் எழுத்து விழ வேண்டுமானால் விரலை ஓங்கிக் குத்த வேண்டும். அதிலும் சிலருக்கு முற்றுப்புள்ளியைக் கண்டால் ஆத்திரம், அது காகிதத்தையே ஓட்டை போட்டுவிடும். நான் அந்த ரகம். ஓட்டை விழுந்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. எங்கே எவ்வளவு அழுத்தினோம் என்பதைக் காட்டிக் கொடுப்பதற்குத்தானே கார்பன் இருக்கிறது? விரலுக்குச் சொல்வது காலுக்குச் சொல்லாதா?

குப்பைக்கூடையிலிருந்து தேய்ந்த கார்பன் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். பூட்ஸின் உள்ளடி அளவுக்கு வெள்ளைத்தாளும் கார்பனும் வெட்டி உள்ளே செருகி, நடையில் இருபது அடி நடந்தேன். வெளியே எடுத்தால் வெள்ளைத்தாள் வெள்ளையாகவே இருந்தது. எட்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவன் கார்பனைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். மை முழுவதும் மேலே, என் வியர்வைக் காலில்.

குளியலறையில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. உள்ளே வந்த மனைவி அலறிவிட்டாள்.

"ஐயோ, கால் அழுகிடுத்தா? கறுப்பா இருக்கே!"

"கார்பன்டி."

"காலுக்குமா காப்பி எடுக்கறேள்?"

விஷயம் அதோடு முடிந்திருந்தால் தேவலை. ஞாயிற்றுக்கிழமை பட்டாளத்து டாக்டர் எல்லோருடைய பாதத்தையும் பரிசோதிக்க வந்துவிட்டார். வரிசையாக வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறோம். என் முறை வந்ததும் டாக்டர் முகம் மாறியது. ஹவில்தாரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் குனிந்து, செத்துப்போன மீனைப் பார்க்கிற மாதிரி என் இடது காலைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்தது. நான் தட்டுத்தடுமாறி ஹிந்தியில் விளக்க, டாக்டர் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஓர் இழுப்பு இழுத்தார். கறுப்பு பஞ்சோடு வந்தது. கண்டக்டர் சிரித்த சிரிப்பில் அவர் தொப்பி கீழே விழுந்தது.

"சாரு, பட்டாளத்துல காலைப் போடச் சொன்னாங்க. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார்.

ஹவில்தார் சிரிக்கவில்லை. "நாலு வாரம், காந்தா" என்றார். அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். கீழே ஒரு தாள், நடுவில் மை கீழ்ப்பார்க்கக் கார்பன், மேலே ஒரு தாள். இருபது அடி. பிரித்துப் பார்த்தால் என் பாதம் உட்கார்ந்திருந்தது. பாதம் என்றால் முழுப் பாதமில்லை. குதிகாலில் ஒரு கறுப்பு, முன்பக்கம் விரல்களுக்குக் கீழே ஒரு கறுப்பு, அந்த இரண்டாவது விரலடியில் மட்டும் அட்டக்கரி. நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. என் உள்ளங்கால் பாலம் மாதிரி வளைந்து, தரையோடு எந்தச் சம்பந்தமும் வைத்துக்கொள்ளாமல் மேலே நின்றிருக்கிறது. தேய்ந்த கார்பனாக இருந்ததால், ஏற்கெனவே அடித்த எழுத்துகள் வெளுப்பாக விழுந்திருந்தன. என் குதிகாலில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று தெளிவாக இருந்தது.

மெத்தையை எடுத்துவிட்டு ஒன்று, ஒரு வட்டம் வைத்து ஒன்று, இரண்டு வட்டம் வைத்து ஒன்று. மூன்றையும் நடையில் பரப்பினேன். மெத்தை ஏற ஏறக் கறுப்பு பெரிதாகியிருந்தது. எனக்குப் புரியவில்லை. மெத்தை வைத்தால் வலி குறைய வேண்டாமா? மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் செருப்பு தைப்பவரிடம் பூட்ஸைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, தன் ஊசி இதற்குள் இறங்காது, தாராவிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்.

ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. அதுவரை நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. மாட்டுங்காக்காரர்கள் பலருக்கு அது ரயில் ஜன்னலை மூடிக்கொள்கிற இடம், எனக்கும் அப்படித்தான். தோல் வேலை செய்கிற சந்தில் விசாரித்து ஒரு பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், என் வயதுதான் இருக்கும். நான்கு பேர் தரையில் உட்கார்ந்து கைப்பைகளுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாரும் சார்வாள். சாக்குல என்ன, பூனையா?"

"பூட்ஸ், பாய்."

"பூட்ஸை எதுக்குவே சாக்குல கட்டுதீரு? ஓடிப்போயிருமா?"

வீட்டுச் சட்டத்தைச் சொன்னேன். வாரத்துக்கு ஒரு நாள்தான் போடுகிறேன் என்றதும் கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"தோலு காலைப் பார்த்துப் பார்த்துத்தான்வே வளையும். ஞாயித்துக்கிழம மட்டும் மூஞ்சியக் காட்டினா அதுக்கு உம்ம எப்படி அடையாளம் தெரியும்?"

கார்பன் தாள்களை எடுத்து நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னது, ஜாதகக் கட்டமா?"

"என் இடது கால், பாய். கறுப்பா இருக்கிறது அழுத்தம்."

"அப்ப இந்தப் பெரிய கருப்பு?"

"மெத்தை வெச்ச அப்புறம்."

அவ்வளவுதான், அவருக்குத் தாங்கவில்லை. "லேய், எல்லாரும் இங்க வந்து பாருங்கலே! சார்வாளு வலி உக்காரதுக்கு மேடை கட்டிக் குடுத்திருக்காரு!" நான்கு பேரும் ஊசியைப் போட்டுவிட்டு வந்தார்கள். என் அறிவின் மூன்று காப்பிகளும் கை மாறிக் கை மாறிப் போயின. சிரித்து முடித்த பிறகு அவர் தாளை மடியில் வைத்து விரலால் காட்டினார்.

"கால்ல முள்ளு குத்துனா அந்த இடத்தை ஊனியா நடப்பீரு? தூக்கித்தான நடப்பீரு? அங்க மெத்தை வச்சா அந்த இடம்தான் முதல்ல போயி இடிக்கும். மெத்தைய அதுக்குப் பின்னாடி வைக்கணும். இந்தா, இந்த வெள்ளையா கிடக்குல்லா உள்ளங்காலு, இவன் ஒரு வேலையும் செய்யாம சம்பளம் வாங்குதான். இவனுக்குக் கீழ முட்டுக் குடுத்து இவனையும் சுமக்க வைக்கணும். வலிக்க இடத்தை அந்தரத்துல விட்டுரணும்."

இவ்வளவு நேரம் எனக்குப் புரியாதது அப்போது ஒரே நொடியில் புரிந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் ஆபீஸிலும் அப்படித்தான், ஏற்கெனவே வேலை செய்கிறவன் தலையில்தான் அடுத்த வேலையை வைப்பார்கள்.

பிறகு பூட்ஸைக் கவிழ்த்து, தாளை அதன் மேல் வைத்துப் பார்த்தார். பதின்மூன்று ஆணிகளில் ஒன்று மிகச் சரியாக அந்தக் கறுப்புக்கு நேர் கீழே இருந்தது. குறடை எடுத்துவிட்டார்.

"இவன்தான் திருடன். பிடுங்கிருதேன்."

"ஐயோ வேண்டாம் பாய்! பதின்மூணு இருக்கணும். நடைக்கு முன்னாடி எண்ணுவா."

"ஆணிய எண்ணுவாங்களா? பட்டாளத்துல வேற சோலி கிடையாதோ?"

"எண்ணுவா பாய். ஒண்ணு குறைஞ்சா என்னை வாசலிலேயே நிறுத்திடுவா."

அவர் குறடால் அந்த ஆணிக் கொண்டையைத் தட்டினார். "எண்ணத்தான செய்வாங்க? அளக்க மாட்டாங்கள்லா?" என்றார்.

ஆணியைப் பிடுங்கி, இரண்டு விரல் தள்ளி அடித்தார். பழைய ஓட்டையில் மரக்குச்சியை அடைத்து மெழுகைத் தேய்த்தார். உள்ளே தோல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, உள்ளங்காலுக்கு ஒரு முட்டு செய்தார். வலிக்கிற இடத்தில் சின்னப் பள்ளம். கார்பன் வைத்து நடக்கச் சொன்னார். நடந்தேன். "மூட்டை இல்லாம நடந்தா என்னத்தத் தெரியும்? முதுகுல பாரம் ஏறினா காலு வேற மாதிரி பேசும்" என்று சொல்லி, மூலையில் கிடந்த பதனிட்ட தோல் கட்டு ஒன்றைத் தூக்கி என் முதுகில் கட்டிவிட்டார். வாசப்படி தாண்டக்கூடாத தோலை முதுகில் சுமந்துகொண்டு தாராவிச் சந்தில் மேலும் கீழும் நடந்தேன். மாட்டுங்காவிலிருந்து யாரும் வந்துவிடக் கூடாதே என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டேன். தாளைப் பிரித்தால், அவர் சொன்னது சரி. பாரத்தோடு கறுப்பு விரல் பக்கம் நகர்ந்திருந்தது. மறுபடி ஒட்டினார், மறுபடி செதுக்கினார். ஐந்து தாள் ஆனது. ஐந்தாவதில் அந்த இடம் வெறும் சாம்பல் நிறம். உள்ளங்காலில் முதல் தடவையாக மை.

அதன் பிறகுதான் தமாஷ். அவருடைய செருப்பு எப்போதும் வலது பக்கம் மட்டும் தேய்கிறதாம், ஏன் என்று பார்க்க வேண்டும் என்று அவர் காலை நீட்டினார். அவரைப் பார்த்து மற்ற நால்வரும் நீட்டினார்கள். என் கார்பன் முழுவதும் தீர்ந்தது. ஒருத்தனுக்குப் பாதம் முழுவதும் இட்லி மாதிரி அப்படியே விழுந்தது. "தட்டைப் பாதம், இவனைப் பட்டாளத்துல எடுக்க மாட்டா" என்று நான் சொன்னதும், "நான் எதுக்குவே அங்க வாரேன்? வெங்காயத்தோட படுக்கவா?" என்றான் அவன். என் வண்டவாளத்தை நானே முன்னால் சொல்லித் தொலைத்திருந்தேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். தினமும் பூட்ஸ் போட்டு, பாரத்தோடு நடந்து பழக வேண்டும். மனைவி சட்டத்தைத் தளர்த்தவில்லை. ஆனால் மறுநாள் காலை என் முதுகுப் பையைத் தூக்கினால் தூக்க முடியவில்லை. உள்ளே துண்டில் சுற்றிய அம்மிக் குழவி.

"சட்னிக்கு என்னடி பண்ணுவே?"

"நாலு வாரம் பொடி போதும். நடுவுல விட்டேளோ, ஆயுசுக்கும் பொடிதான்."

மாட்டுங்காவிலிருந்து செம்பூர் ஆபீஸுக்கு நடக்க ஆரம்பித்தேன். காலையில் கடைசிப் படியில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். பால்காரர்கள் முதல் வாரம் சிரித்தார்கள், இரண்டாம் வாரம் ராம் ராம் சொன்னார்கள். ஆபீஸ் தரை வழவழப்பான டைல்ஸ். ஆணி பூட்ஸோடு அதில் நடப்பது ஐஸ்கட்டியில் நடப்பது மாதிரி. முதல் நாள் வாசலில் வழுக்க ஆரம்பித்தவன் அக்கவுண்ட்ஸ் மேஜையில் போய்த்தான் நின்றேன். ஹெட்கிளார்க் கண்ணாடிக்கு மேல் பார்த்து, "குதிரையை வெளியில கட்டிட்டு உள்ள வாருங்கோ" என்றார். ஒருநாள் வேண்டாமே, பஸ்ஸில் போகலாமே என்று இருந்தது. அன்று மழை தூறிக்கொண்டிருந்தது, நல்ல சாக்கு. பஸ் ஸ்டாப் வரை போய், பஸ் வந்து நின்றும் ஏறாமல், அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தினமும் ஒரு கார்பன் தாள். தேதி போட்டு ஒரு ஃபைலில் கோத்தேன். ஆரம்பித்து ஒரு நாள்கூட விட்டுப்போகாத ஃபைல் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அந்த ஞாயிறு வந்தது. செம்பூர் மைதானத்தில் விடிந்தும் விடியாமலும் வரிசை. ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக் காட்ட, ஹவில்தார் குச்சியால் ஆணிகளைத் தட்டித் தட்டி எண்ணினார். என்னிடம் வந்தார். தஸ், கியாரா, பாரா, பன்னிரண்டு வரை வந்துவிட்டார். குச்சி அந்த நகர்ந்த ஆணியில் வந்து நின்றது. மெழுகடைத்த ஓட்டையையும் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"தேரா?" என்றார் ஹவில்தார்.

"தேரா, உஸ்தாத்" என்றேன். பதின்மூன்றுதான், வாத்தியாரே.

"ஹூம்" என்று அடுத்த காலுக்குப் போனார்.

நடந்தோம். ஐந்து மைல், ஆறு மைல், திரும்பினோம். ஏழாவது மைலில் நான் போன தடவை உட்கார்ந்த இடம் வந்தது. இடது கால் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பாடலாம் போல இருந்தது. கண்டக்டரிடம், "பார்த்தேளா? காப்பி எடுத்த கால்!" என்று பெருமையடித்தேன்.

எட்டாவது மைலில் வலது குதிகாலில் ஏதோ உரசியது. ஒன்பதாவதில் அது எரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வாரமாக நாங்கள் எல்லோரும் இடது காலையே படித்துக்கொண்டிருந்தோம். பட்டறையில் ஒருவருக்கும் வலது கால் ஞாபகமில்லை. எனக்கும் இல்லை. இடது பூட்ஸுக்குள் முட்டு வைத்ததில் அந்தக் கால் ஒரு நூல் உயர்ந்து நிற்கிறது. உடம்பு அத்தனையும் வலது பக்கம் சாய்ந்து இறங்குகிறது. ஆபீஸ் ஐந்து மைலில் வந்துவிடும், அதற்குள் அது தெரியவில்லை. அழுத்தம் போய்விட்டது என்று நினைத்தேன். அது எங்கும் போகவில்லை, வீடு மாற்றிக்கொண்டிருக்கிறது. தாளில் அதைப் பார்த்திருக்கலாம், வலது காலுக்கு ஒரே ஒரு தாள் போட்டிருந்தால்.

பத்தாவது மைலில் காலுறை நனைந்தது. வியர்வை இல்லை என்று தெரிந்தது. நான் பின்தங்கினேன். வரிசை முன்னால் போனது, கண்டக்டர் மட்டும் வேகத்தைக் குறைத்து என்னோடு வந்தார்.

"சாரு, பையைக் குடுங்க. யாரும் பார்க்கல."

"வேண்டாம். நீங்க போங்கோ, உங்க பேரையும் சேர்த்து அடிச்சுடுவா."

"சும்மா ரெண்டு பர்லாங் தூக்கிட்டுக் குடுத்துடறேன்யா."

"போங்கோன்னா போங்கோ!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடி வரிசையில் சேர்ந்துகொண்டார். பின்னால் லாரி வந்து என் நடைக்கு ஊர்ந்தது. ஹவில்தார் முன் ஸீட்டிலிருந்து தலையை நீட்டினார்.

"காந்தா! காடி ஆயி. பைட்டேகா?" வண்டி வந்துவிட்டது, ஏறுகிறாயா?

அவர் கேலியாகக் கேட்கவில்லை. என் கால் போகிற போக்கைப் பார்த்து நிஜமாகவே கேட்டார். அது கேலியை விடக் கஷ்டமாக இருந்தது. லாரியின் பின்கதவு இடுப்பு உயரத்தில் இருந்தது, கையை வைத்தால் போதும். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்தால் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று பயம். லாரி என்னைத் தாண்டிப் போனது.

கடைசி இரண்டு மைலில் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் பெயர் சொல்லாமல் திட்டிக்கொண்டு வந்தேன். இந்தக் கம்பம் வரை வருவேன், அப்புறம் உட்காருவேன் என்று காலிடம் பொய் சொன்னேன். கம்பம் வந்ததும் அடுத்ததைக் காட்டினேன். கால் நம்பியது. என்னை மாதிரியே அதுவும் அவ்வளவு புத்திசாலி இல்லை.

மைதானத்து வாசலுக்குள் நுழைந்தபோது எல்லோரும் வந்து வரிசையில் நின்று, பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். என் பெயரை ஒரு தடவை கூப்பிட்டுவிட்டார் ஹவில்தார். பதில் இல்லை. பென்சிலைக் காகிதத்துக்குக் கொண்டுபோனவர் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். நான் நொண்டிக்கொண்டு போய்ப் பின் வரிசையின் கடைசியில் நின்றேன். அவர் பென்சிலை எடுத்துவிட்டு என் பெயரை இன்னொரு தடவை கூப்பிட்டார். காந்தா இல்லை, என் பெயர், தகப்பனார் பெயரோடு முழுசாக.

பெயரைக் கூப்பிட்டால் விறைப்பாக நின்று, வந்திருக்கிறேன் என்று ஹிந்தியில் பதில் சொல்ல வேண்டும். விறைப்பாக நிற்பதற்கு இடது காலைத் தூக்கி வலது காலுக்குப் பக்கத்தில் ஓங்கி அடிக்க வேண்டும். அதாவது அந்த ஒரு நொடிக்கு நான், பை, குழவி எல்லாமாகச் சேர்ந்து வலது குதிகால் ஒன்றின் மேல் நிற்க வேண்டும். லேசாகத் தூக்கி லேசாக வைத்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். தொடை இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் இடுப்பு உயரத்துக்கே தூக்கினேன். வலது குதிகாலில் ஏதோ கிழிந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு, பதின்மூன்று ஆணியும் மண்ணில் இறங்கும்படி அடித்தேன்.

"ஹாஜிர்!" என்றேன்.